மூன்றாவது கேள்வி

“ஆடி முடியிறதுக்குள்ள அக்கா தங்கச்சிக்குப் பச்சைச் சேலை எடுத்துக் குடுக்கலைன்னா, கூடப் பெறந்தவன் உசுருக்கு ஆகாதாம்! யாரு சொன்னது? யாரு பாத்தது? யாருக்கு லாபம்? இந்த மூணையும் கேளுங்க, எந்தப் புரளியும் பொடியாயிரும்!”

எம்.ரெட்டியபட்டி அறிவொளி வகுப்பில் முழங்கினார் சௌந்தரபாண்டியன். பகலில் உரக்கடை முதலாளி, மாலையில் ஊருக்கே வாத்தியார். எதிரே இருந்த பெண்கள் பலமாகத் தலையாட்டினார்கள். பாதிப் பேர் பச்சைச் சேலையில் இருந்தார்கள்.

“எனக்கு நரிக்குடிக்காரி சொன்னா அண்ணாச்சி. அவளுக்கு யாரோ பஸ்ஸுல சொன்னாகளாம்” என்றாள் ஒச்சம்மாள். “மதினிக்கு அவுக தம்பி சேலை எடுத்தாச்சா?”

“அவனா? எம் மக காதுகுத்துல மொதப் பந்தியில ஒக்கார வைக்கலைன்னு கோவிச்சுட்டுப் போனவன், இந்தப் பக்கமே தலை வைக்கல. சேலையும் எடுக்கல, உசுரோடதான் இருக்கான். வேற என்ன சாட்சி வேணும்?”

வகுப்பே சிரித்தது.

மறுநாள் மாலை திருச்சுழியில் கூட்டம். புரளியைக் கிளப்பிய ஆளின் பெயரை மேடையில் போட்டு உடைப்பதாக நோட்டீஸே அடித்துவிட்டார். பெயர் கிடைக்காவிட்டால் மானம் கப்பலேறிவிடும். காலையிலேயே அருப்புக்கோட்டைக்குப் போய், ஜவுளிக்கடை அய்யப்பனைப் பிடித்தார்.

“உண்மையைச் சொல்லும், நீர்தானே கெளப்பிவிட்டது?”

“அட நீங்க வேற! முன்னாடியே தெரிஞ்சிருந்தா லோடு லோடாப் பச்சை எறக்கியிருக்க மாட்டேனா? கடையில கெடக்குறது பூராம் மஞ்சளும் செவப்பும். ஒருத்தி தொட மாட்டேங்கிறா!” அய்யப்பன் அழாத குறை.

சேலை விற்பவனுக்கே லாபமில்லை என்றால் வேறு யாருக்கு? சாயம் விற்பவனுக்கா? பஸ் முதலாளிக்கா? வழிநெடுக மண்டையைக் குடைந்தும் ஒன்றும் பிடிபடவில்லை.

மத்தியானம் வீட்டுக்குள் நுழைந்தவர் அப்படியே நின்றார். கூடத்தில் தலைவாழை இலை முன்னால் மச்சினன் சின்னத்துரை. பக்கத்தில் புதுப் பச்சைச் சேலையில் மனைவி கோகிலாம்பாள், அழுகையும் சிரிப்புமாகப் பரிமாறிக்கொண்டிருந்தாள்.

அடுப்படிக்கு வந்தவளிடம் சீறினார். “ஊருக்கே நான் பாடம் எடுக்கேன். நீயே இந்தப் புரளியை நம்புனா எப்படி?”

“நான் எதுக்கு நம்பணும்? அவன் நம்புனாப் பத்தாதா?” என்றாள் கோகிலாம்பாள். “நரிக்குடி பஸ்ஸுல மொத ஆளாச் சொன்னவளே நாந்தேன். சாயந்தரம் மேடையில எம் பேரைத் தாராளமாச் சொல்லுங்க. இப்ப வந்து எந்தம்பி பக்கத்துல ஒக்காருங்க, மொதப் பந்தி!”