நான்கு நிமிடம் மிச்சம்

ஏப்ரல் வெயிலில் ரொறன்ரோவின் ஏரிக்கரை மணல் பளபளக்கிறது. காற்று மட்டும் இன்னும் குளிர்காலத்தைக் கைவிடவில்லை. ஜோர்தான் பாலைவனத்தில் பழைய ஹஜ் பாதையில் ஒன்பது நாள் நடக்கப்போகும் குழுவுக்கு இன்று ஆள் தெரிவு: பத்துக் கிலோ சுமையோடு, மூன்று மணி நேரத்தில், இந்த மணலில் பன்னிரண்டு கிலோமீற்றர். ஐம்பத்தெட்டு வயது ஹிதாயாவின் முதுகுப்பைக்குள் இருப்பது ஒரு மூட்டை அரிசி. சப்பாத்துக்குள் மணல் நறநறக்கிறது. முக்காட்டின் ஓரம் படபடவென்று கன்னத்தில் அடிக்கிறது. நான்கு நிமிடம் மிச்சம் இருக்க, அவள் முடிவெல்லையின் சிவப்புக் கொடியைத் தாண்டுகிறாள். வழிகாட்டி யூசுப் வாய்நிறையச் சிரித்து, பட்டியலில் அவள் பெயரை எழுதுகிறார். கணவர் சமீன் தேநீர்ப் போத்தலோடு ஓடிவருகிறார். "முடிஞ்சுது, பையை இறக்கும். தொண்ணூறில முஸ்லிம் சனம் எங்களைப் புலிகள் யாழ்ப்பாணத்தை விட்டுப் போகச் சொன்ன அண்டைக்கும் இப்பிடி நடந்துதான் உமக்குக் கால் வீங்கினது." ஹிதாயா மூச்சு வாங்குகிறாள். கண்கள் மின்னுகின்றன. "அண்டைக்குப் போகச் சொல்லி நடந்தனான். இண்டைக்கு நானாக் கேட்டெல்லோ நடக்கிறன்." பையின் வாரை இன்னும் ஒரு பிடி இறுக்குகிறாள். கொடிக்கு அப்பால், யாரும் மிதிக்காத மணலில், மிச்சமிருக்கும் நான்கு நிமிடத்தையும் நடக்கிறாள்.