நாற்பத்தேழாம் நம்பர் முகம்

"முகம் பொருந்தவில்லை. மீண்டும் முயலவும்."

இரண்டாவது தடவையாகச் சொல்லிவிட்டது அந்த மெஷின்.

கடையின் பின்வாசலில் மாட்டியிருக்கும் வருகைப் பதிவு மெஷின் அது. முகத்தைக் காட்டினால் பிரிவையும் நம்பரையும் சொல்லி ஒரு வணக்கம் போடும். அப்புறம்தான் கதவு திறக்கும்.

எனக்குப் பின்னால் வரிசையில் எட்டுப் பேர். பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு சூப்பர்வைசர். அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷம்.

இருக்காதா பின்னே? நேற்றே போன் போட்டுச் சொல்லிவிட்டார், மேக்கப்போடு வருவதானால் வா, இல்லாவிட்டால் வேலைக்கே வராதே என்று.

நான் முகப்பூச்சு கவுண்டரில் நிற்கிறவள். டப்பா மேலே இருக்கிற பெண் மாதிரியே டப்பாவுக்குப் பின்னால் நிற்கிறவளும் பளபளவென்று இருக்க வேண்டும். இது அவர் போட்ட சட்டம்.

வந்துவிட்டேன், வெறும் முகத்தோடு. வேலை போனால் போகட்டும் என்று சொல்கிற நிலைமையில் நான் இல்லை. இருந்தாலும் வந்துவிட்டேன்.

ரெண்டு வருஷமாக இந்த முகத்தை நான் படுத்தாத பாடில்லை. வறண்ட தோல். தொட்டாலே சிவந்துவிடும். காலையில் பவுண்டேஷன், சாயங்காலம் அதை வழிக்க ஒரு திரவம், வழித்த எரிச்சலுக்கு ஒரு ஜெல், ஜெல் காய்ந்ததும் ஒரு சீரம். போதாததுக்கு யார் என்ன சொன்னாலும் கேட்டேன். தேன், தயிர், கற்றாழை. எலுமிச்சம்பழத்தைக்கூடத் தேய்த்தேன், புத்திகெட்டவள். மிளகாயை அரைத்து அப்பின மாதிரி எரிந்தது.

மூக்கோரம் செதில் செதிலாக உரிந்தது. சிரித்தால் கன்னம் இழுக்கும். அதனாலேயே ஒரு பக்கமாகச் சிரிக்கப் பழகினேன். அதையும் ஸ்டைல் என்று நினைத்து ரெண்டு மூன்று பேர் பாராட்டினார்கள்.

கடைசியில் தோல் டாக்டரிடம் போனேன். நான் கொண்டுபோன பதினொரு பாட்டிலையும் மேஜையில் வரிசையாக நிறுத்திப் பார்த்தார். வீட்டில் வேறு யாருக்காவது இப்படித் தோல் உண்டா என்று கேட்டார். உண்டு என்றேன்.

பதினொன்றையும் அவரே திரும்ப என் பைக்குள் போட்டார்.

வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவணும். தேய்க்காமல் துண்டால் ஒற்றி எடுக்கணும். ஈரம் காய்வதற்குள் வாசனையில்லாத களிம்பு ஒன்றைப் பூசணும். வெயிலில் போனால் குடை. அவ்வளவுதான். அட, இதுக்கா இத்தனை நாள் இந்த ஆர்ப்பாட்டம் என்று எனக்குக் கோபமே வந்துவிட்டது.

பத்து நாள் லீவு போட்டேன். ஒன்பதாம் நாள் காலையில் பல் தேய்க்கும்போது எதையோ நினைத்துச் சிரித்தேன்.

கன்னம் இழுக்கவில்லை.

இனிமேல் எவனுக்காகவும் இந்த முகத்தை மூடி மறைப்பதில்லை என்று அங்கேயே, வாயில் நுரையோடு, முடிவு பண்ணினேன். வாய் கொப்பளித்த கையோடு சூப்பர்வைசருக்கும் மெசேஜ் அனுப்பிவிட்டேன்.

இப்போது சூப்பர்வைசர் சட்டைப் பையிலிருந்து பவுண்டேஷன் சாம்பிள் ஒன்றை எடுத்து நீட்டினார். தயாராகத்தான் வந்திருக்கிறார் மனுஷன். ரெண்டு வருஷத்துக்கு முன்னால் என் முகத்தை இந்த மெஷினில் பதிந்த அன்றும் இதே பிராண்டைத்தான் பூசிக்கொண்டு நின்றேன்.

நான் அதைத் தொடவில்லை. மூன்றாம் தடவையாக மெஷினுக்கு நேராக முகத்தைக் காட்டினேன்.

கொஞ்ச நேரம் யோசித்தது. பச்சை விளக்கு எரிந்தது.

"வணக்கம். துப்புரவுப் பிரிவு. எண் நாற்பத்தேழு."

கதவு திறந்துகொண்டது. வரிசை கொல்லென்று சிரித்தது.

கதவுக்கு அந்தப் பக்கம் நாற்பத்தேழாம் நம்பர் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எல்லோருக்கும் முன்னால் வந்துவிடுகிறவள். கடையில் அவளுக்குப் பெயரே அந்தம்மாதான். இங்கே தண்ணி சிந்தியிருக்கு, அந்தம்மாவைக் கூப்பிடு. கூடை நிரம்பிடுச்சு, அந்தம்மா எங்கே போச்சு?

ரெண்டு வருஷமாக நானும் அப்படித்தான் கூப்பிட்டேன். இப்போது சொல்ல நாக்கூசுகிறது. கவுண்டரில் நிற்கிற கௌரவம் போய்விடுமோ என்று பயந்து, கூப்பிட்டேன்.

சிரிப்புச் சத்தம் கேட்டு அந்தம்மா நிமிர்ந்தாள். மெஷின் சொன்னது அவள் காதிலும் விழுந்திருக்க வேண்டும். என்னைப் பார்த்து, வேண்டாம் என்று கண்ணாலேயே சொன்னாள்.

சூப்பர்வைசருக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"மேக்கப்பைக் கழுவினதும் மெஷினுக்கே உன் லட்சணம் தெரிஞ்சுபோச்சு பாரு. போ, போய் அந்தம்மாகிட்ட மாப்பை வாங்கிக்கோ!"

போனேன்.

மாப்பை வாங்கிச் சுவரில் சாய்த்து வைத்தேன். ஈரக் கிளவுஸோடு அவள் கையைப் பிடித்து வாசலுக்கு இழுத்தேன். வரமாட்டேன் என்று முரண்டு பிடித்தாள். நான் விடவில்லை.

அத்தனை பேருக்கும் எதிரே, அவள் கன்னத்தோடு என் கன்னத்தை ஒட்டி வைத்துக்கொண்டு நின்றேன். அவளுக்கும் மூக்கோரம் அதே செதில், அதே சிவப்பு. எனக்கு ஆறிக்கொண்டு வருகிறது. அவளுக்கு யாரும் களிம்பு வாங்கித் தரவில்லை, நான் உட்பட.

"மெஷின் மேல தப்பே இல்ல சார். நல்லாப் பாருங்க," என்றேன். "இது அந்தம்மா இல்ல. எங்கம்மா."