கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு சிவப்புக் கோட்டு

“சித்தி, பலகையைக் கொஞ்சம் மறைச்சு எழுதுங்க. என் கண்ணு நான் சொன்னா கேக்காது!”

பக்கத்து மேசையிலிருந்து போரம் சிரித்தாள். இருபத்து மூன்று வயது. கன்னத்தில் நடிகை சேரினின் பெயரை மினுமினுப்பாக ஒட்டியிருந்தாள்.

வயதில் மூத்தவள் என்பதால் அவள் சித்தி என்று கூப்பிட்ட மிசுக் சிரிக்கவில்லை. சேரின் ரசிகர் மன்றம் சியோலில் வருடந்தோறும் நடத்தும் தேர்வு இது. நிஜப் பரீட்சை போலவே தனித்தனி மேசை, முதுகில் எண். விடை தப்பினால் எழுந்து போய்விட வேண்டும். காலையில் இருநூறு பேர் உட்கார்ந்திருந்தார்கள். இப்போது இவர்கள் இருவர்தான்.

மேடையில், கண்ணாடிப் பெட்டிக்குள், அந்தச் சிவப்புக் கோட்டு தொங்கியது. ‘பனிப்பாலம்’ தொலைக்காட்சித் தொடரின் கடைசிப் பகுதியில், உறையும் ஆற்றில் குதிக்கும் காட்சியில் வந்த கோட்டு. இந்த வருடத்து முதல் பரிசு. அதற்காகவே மிசுக் எட்டு மாதமாகச் சேரினின் செருப்பு அளவு முதல் நாய்க்குட்டியின் பெயர் வரை மனப்பாடம் செய்திருந்தாள்.

“ஜெயிச்சா போட்டுக்குவீங்களா சித்தி? உங்க தோளுக்குப் பத்தாதே.”

“போட்டுக்க மாட்டேன்.”

“அப்ப எனக்கு விட்டுக்கொடுத்துடுங்க!”

“வேற என்ன வேணா கேளு, தர்றேன். அதை மட்டும் கேக்காதே.”

“அடேயப்பா! உங்களைவிடப் பத்து வயசு சின்னவங்களான சேரினைப் போய் அக்கான்னு கூப்பிடுறீங்களேன்னு முதல்ல சிரிச்சேன். நீங்க நிஜமாவே பைத்தியம்தான்.”

“மன்றத்து வழக்கம் அதுதானேம்மா.”

மேடையில் மன்றத் தலைவி ஒலிவாங்கியைத் தட்டினாள். கடைசிக் கேள்வி எப்போதும் அக்காவுக்கு மரியாதை செய்யும் கேள்வியாக இருக்கும். முன்வரிசையில் சேரினே வந்து உட்கார்ந்திருந்தாள்.

“பனிப்பாலம் ஆத்துக் காட்சியில நம்ம அக்காவுக்குப் பதிலா டூப் போட்டுக் குதிச்சவங்க எத்தனை பேர்?”

கூட்டம் கொல்லென்று சிரித்தது. ‘நானேதான் குதிச்சேன்’ என்று சேரின் சொல்லாத பேட்டி உண்டா? சேரின் வெட்கத்தோடு முகத்தை மூடிக்கொண்டாள்.

போரம் சட்டென்று எழுதிக் கவிழ்த்தாள். மிசுக்கின் பேனா அசையவில்லை. கோட்டைப் பார்த்தாள். பிறகு எழுதினாள்.

“தூக்குங்க!”

மிசுக்கின் பலகையில் பூஜ்யம். போரமின் பலகையில் ஒன்று.

“ஏய், நீ ரசிகையா, எதிரியா?” “வெளியே போடி!” என்று போரமைப் பார்த்துக் கூட்டம் கத்தியது.

சேரினின் கை முகத்திலிருந்து இறங்கியது. சிரிப்பைக் காணவில்லை.

“இதை எங்க படிச்சேம்மா?” என்றாள் தலைவி.

போரம் எழுந்து நின்றாள். “கடைசிக் கேள்வி அவ்வளவு சுலபமா இருக்காதுன்னு நெனச்சேன். பதினோரு வருசத்துக்கு முந்தி நம்ம மன்றத்து இணையதளத்துல ஒருத்தங்க எழுதியிருந்தாங்க. குதிச்சது மியோன் அப்படின்னு ஒரு பொண்ணாம். நனைஞ்சு காய்ச்சல் வந்து பன்னிரண்டாம் நாள் செத்துப்போச்சாம். ஒரு மணி நேரத்துல அதை அழிச்சுட்டாங்க. ஆனா படிச்சப்பவே எனக்குத் தெரிஞ்சுது, பொய் சொல்றவங்களால அப்படி அழுது எழுத முடியாது.”

“பன்னிரண்டு வயசுல படிச்ச கதையா?” என்று யாரோ கத்த, மண்டபமே சிரித்தது.

போரம் திரும்பினாள். “சித்தி, உங்களுக்குத் தெரியாதது இல்ல. நீங்க சொன்னா நம்புவாங்க. அப்படி ஒரு பொண்ணு இருந்தாளா, இல்லையா?”

கண்ணாடிப் பெட்டியின் பூட்டில் சாவியை நுழைத்திருந்த தலைவி, திருப்பாமல் காத்திருந்தாள்.

“இல்லை,” என்றாள் மிசுக். “அப்படி யாரும் இல்லை.”

பூட்டு திறந்தது. போரம் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் கதவைத் தள்ளி வெளியேறினாள்.

சேரினே கோட்டை எடுத்து வந்தாள். “நீங்கதான் என் நிஜமான ரசிகை.” கைதட்டல் ஓயவே இல்லை.

தன் தங்கை மியோன் கடைசியாகப் போட்டு நனைந்த அந்தக் கோட்டை மிசுக் இரண்டு கைகளாலும் வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். பதினோரு வருடங்களுக்கு முன் அழுதுகொண்டே தளத்தில் அந்தப் பதிவை எழுதியவள் அவள்தான். அதை நம்பிய ஒரே ஒருத்தியைத்தான் இப்போது வெளியே அனுப்பியிருந்தாள்.