மூன்றாவது கணினி

புதிய பராமரிப்பு ஒப்பந்தத்துக்காக, நூலக மென்பொருள் எந்தெந்தக் கணினிகளில் ஓடுகிறது என்று கல்லூரி நூலகர் பூங்கோதை பட்டியல் எழுத வேண்டியிருந்தது. புதுக் கணினிகளைக் கம்பெனிக்காரர்கள் இனி சென்னையில் இருந்தபடியே பார்த்துக்கொள்வார்களாம். பழையது ஏதாவது இருந்தால் மட்டும் ஆள் நேரில் வருவார். ஆள் என்றால் தயாநிதி. ஆறு வருடமாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து, ஒரு டம்ளர் டீயை அரைமணி நேரம் குடிப்பவர்.

இரண்டு புதுக் கணினிகளை எழுதியவள், மூன்றாவதாக ஜன்னலோரத்துப் பழையதையும் சேர்த்தாள்.

“அதுக்குத்தான் உயிரே போயிடுச்சேம்மா?” என்றார் உதவியாளர் பிச்சையா.

“பட்டியல்ல இருந்துட்டுப் போகட்டும்ணே.”

அனுப்பிய பிறகுதான் அவளுக்கு உறைத்தது. போன தடவை அதன் மூடியைக் கழற்றிப் பார்த்து, “இனிமே இது எழும்பாதுங்க” என்று உதட்டைப் பிதுக்கியவரே தயாநிதிதான். பட்டியலைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிறவரும் அவர்தான். நான்கு நாட்கள், தபால் வந்தாலே முதல் ஆளாகப் போய் வாங்கிப் பார்த்தாள்.

ஐந்தாம் நாள் ஒப்பந்தம் திரும்பி வந்தது. மூன்றாவது கணினிக்கு நேராக நீல மையில் அவர் எழுதியிருந்தார்: “நன்றாக ஓடுகிறது. மாதம் ஒருமுறை நேரில் வந்து பார்க்க வேண்டும்.”