தானே கிளறும் பாத்திரம்

"ஏங்க, வரியைப் பத்தி மட்டும் வாயைத் திறக்காதீங்க. ஆரம்பிச்சா நிறுத்த மாட்டீங்க" என்று பட்டறைக்காரரை எச்சரித்தாள் மனைவி.

மொத்த வியாபாரி வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். இன்று அவர் ஆர்டர் கொடுக்காவிட்டால் நாளை பட்டறைக்குப் பூட்டுதான்.

"வாங்க சார், உக்காருங்க. இதுதான் சரக்கு. தானே கிளறும், அடியே பிடிக்காது."

"கண்டுபிடிச்சு மூணு வருஷம் ஆச்சாமே? ஏன் கடைக்கே வரல?"

கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டார். மனைவி கண்ணைக் காட்டினாள். மனிதர் அந்தப் பக்கம் திரும்பினால்தானே!

"எங்க சார் விட்டாங்க? முதல்ல, பாத்திரம்னு சொல்லி ஒரு வரி. அதுக்கேத்த விலை போட்டுப் பெட்டி அடிச்சோம். அப்புறம், மோட்டார் இருக்கே, இது மின்சாதனம்னு வரியை ஏத்தினாங்க. அடிச்ச பெட்டியெல்லாம் குப்பைக்குப் போச்சு. புதுப் பெட்டி வந்து இறங்கின அன்னிக்கே மறுபடி மாத்திட்டாங்க. இதைவிட மலிவா இன்னொண்ணு மனசுல இருக்கு சார். செய்யவே பயமா இருக்கு. முடிக்கிறதுக்குள்ள அதுக்கு என்ன வரி வருமோ! இப்படி மாத்திக்கிட்டே இருக்கறவங்க நல்லா இருப்பாங்களா?"

காரியம் கெட்டது என்று மனைவி தலையில் கை வைத்துக்கொண்டாள்.

வியாபாரி பாத்திரத்தை வெளியே எடுத்து வைத்துவிட்டுப் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதென்ன, விலை போடற இடத்துல அட்டைச் சக்கரம்?"

"அது இவ செஞ்ச வேலை சார். தடவைக்குத் தடவை பெட்டி அடிச்சுக் கட்டுப்படியாகல. வரி மாறினா சக்கரத்தைத் திருப்பினாப் போதும், புது விலை வந்துடும்."

வியாபாரி கொஞ்ச நேரம் சக்கரத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். பிறகு பையில் கையை விட்டார்.

"ஐயாயிரம் அனுப்புங்க. இந்தாங்க, அட்வான்ஸ்."

பட்டறைக்காரருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. "அப்பாடா!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். மனைவிக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது.

"ஆனா சார், அவ்வளவு பாத்திரம் செய்ய ரெண்டு மாசமாவது..."

"பாத்திரம் யாருக்கு வேணும்? பெட்டி மட்டும் போதும். எந்தக் கம்பெனிக்குப் போனாலும் உங்க புலம்பல்தான்!"

அவர் போனதும் பட்டறைக்காரர் கண்ணை மூடிக் கைகூப்பி நின்றார்.

"கடவுளுக்கு நன்றி சொல்றீங்களா?" என்றாள் மனைவி.

"அது அப்புறம். அடுத்த வருஷமும் அவங்க வரியை மாத்தணும்னு வேண்டிக்கிறேன்!"