அரை இன்ச் உயரம்

"மறுபடியும் அளங்க டீச்சர். எனக்குத் திருப்தியில்ல" என்றாள் ரேணுகாம்பாள்.

அன்புச்செல்விக்குச் சுர்ரென்று ஏறியது. "என்னக்கா, எம் பொண்ணு ஜெயிச்சா உங்களுக்குப் பொறுக்கலையா?"

வேங்கிக்கால் பள்ளிக்கூடத்தில் பிளாஸ்டிக் பிளாக்ஸ் வைத்து ரோலர் கோஸ்டர் கட்டும் போட்டி. குட்டி வண்டி கவிழாமல் கீழே வந்து சேர வேண்டும். அப்படி வந்ததில் எந்தத் தண்டவாளத்தின் உச்சித் துண்டு ஜாஸ்தி உயரமோ, அதற்குத்தான் முதல் பரிசு. முதல் பரிசு வாங்கினால் சென்னைப் போட்டிக்குப் போகலாம்.

ரேணுகாம்பாள் மகன் வளவனுடையது இருபத்து நாலு இன்ச். அதை அளந்த கையோடு டீச்சரின் இரும்பு டேப் சர்ரென்று சுருண்டு உள்ளே போனதுதான், எவ்வளவு தட்டியும் வெளியே வரவில்லை.

பாக்கி நின்றது அன்புச்செல்வியின் மகள் சிந்துஜா கட்டியது மட்டும். நடுவில் அண்ணாமலையார் மலை. மலையை வலமாகச் சுற்றிச் சுற்றி இறங்கும் தண்டவாளம்.

"நீங்க டெய்லர்தானே? கழுத்துல கிடக்கற டேப்பைக் குடுங்க" என்றார் அருணாதேவி டீச்சர்.

தையல் மிஷினிலிருந்து எழுந்து அப்படியே ஓடி வந்திருந்தாள் அன்புச்செல்வி. டேப்பைக் கழற்றிக் கொடுத்தாள்.

டீச்சர் டேப்பின் நுனியை மேஜையில் ஊன்றி, உச்சித் துண்டு வரை இழுத்துப் பிடித்தார்.

"இருபத்து நாலரை!"

முதலில் கை தட்டியது அன்புச்செல்விதான். அப்போதுதான் ரேணுகாம்பாள் குறுக்கே வந்தாள்.

"பொறுக்காம இல்ல அன்பு. பார்த்தா எம் பையனோடது உசரமா தெரியுதே, அதான் கேட்டேன்."

"பார்வையாலேயே அளக்கறதுன்னா டேப் எதுக்குக்கா? எங்களைப் பார்த்தா ஊரை ஏமாத்தறவங்க மாதிரியா இருக்கு?"

இவர்கள் பேசிக்கொண்டிருக்க, சிந்துஜா மேஜையில் கிடந்த டேப்பை எடுத்துப் பார்த்தாள். முகம் சுருங்கிப்போனது.

"டீச்சர்... இது எங்கம்மா டேப். இதுல முதல் இன்ச் கிடையாது. நைஞ்சுபோச்சுன்னு வெட்டிட்டாங்க. என்னோடது இருபத்து மூணரைதான்."

டீச்சர் நுனியைப் பார்த்தார். டேப் ஒன்றிலிருந்துதான் தொடங்கியது.

வளவனுக்கு முதல் பரிசு. சிந்துஜாவுக்கு இரண்டாவது. ஆனால் ஹாலே அதிர்ந்தது அவளுக்குத்தான்.

ரேணுகாம்பாளே வந்து அன்புச்செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எம் பையனா இருந்தா வாயே தொறந்திருக்க மாட்டான். எப்படி வளர்த்திருக்கே அன்பு!"

"எம் பொண்ணாச்சேக்கா!" அன்புச்செல்விக்கு முகமெல்லாம் பூரிப்பு. எதிரில் வந்தவர்களையெல்லாம் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

வீட்டுக்குப் போகும்போது ஸ்கூட்டியின் பின்னாலிருந்து சிந்துஜா கேட்டாள். "ஏம்மா, டேப்பைக் குடுக்கும்போது உனக்கு ஞாபகமே வரலையா?"

"சுத்தமா மறந்துட்டேன்டி செல்லம்."

இரண்டு வருஷமாக அந்த டேப்பில் ஒரு இன்ச் கழித்துத்தான் ஜாக்கெட் தைக்கிறாள் அன்புச்செல்வி. இன்றுவரை ஒரு ஜாக்கெட்டுக்குக்கூட அவள் மறந்ததில்லை.