ஆயிரம் பேர் பார்க்க வேண்டும்

பக்கவாதம் வந்த தணிகாசலத்தின் வீடியோவை இந்த வாரம் நானூறு பேர்தான் பார்த்திருந்தார்கள். மாலைக்குள் ஆயிரம் பேர் பார்க்காவிட்டால், நாளை முதல் அவருக்குப் பராமரிப்பு கிடையாது. பராமரிப்புக்குப் பணம் தரும் நலத்துறையின் விதி அது. பராமரிப்பாளர் செலினுக்கு அதைச் சொல்ல மனம் வரவில்லை. ஆனால் தணிகாசலத்துக்கே அது தெரிந்திருந்தது.

"போன மாசம் வழுக்கி விழுந்தேனே, அதை எத்தனை பேரும்மா பார்த்தாங்க?"

"இருபதாயிரம். அது கிடக்கட்டும் சார். ஒரு பாட்டு பாடுங்க, போடலாம்."

"என் பாட்டைக் கேட்டா, இருக்கற நானூறு பேரும் ஓடிருவாங்க."

சிரித்தபடியே எழுந்தவர், பிடித்திருந்த வாக்கரைத் தள்ளிவிட்டார். ஒரு கையில் கேமராவோடு செலின் பாய்ந்து அவர் தோளைப் பிடித்தாள்.

"கையை எடும்மா. நீ பிடிச்சுட்டா யாரு பார்ப்பாங்க?"

செலின் கையை எடுத்தாள். கேமரா ஆடாமல் பார்த்துக்கொண்டாள்.